மற்றபடி நல்ல பதிவு

அத்தியாயம் 6

பழிவாங்குவது பாவம் என்று உபதேசம் செய்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். அவர்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பார்கள்.

லாண்டரி அக்காவின் வீட்டில் அப்படி இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே தம்பி, ஐந்தாவது மாடி உயரத்தில் கட்டியிருந்த சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவன். அவன் பெயிண்டரே கிடையாது. பதினோரு வருஷம் ஒரே கம்பெனியில் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன்.

பொழுது போகாமல் ஒரு வலைப்பூ ஆரம்பித்தான். 'நடுமாடி' என்று அதற்குப் பெயர். தன் பெயரைப் போடவில்லை. லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் முதல் ஐந்து நிமிஷம் என்ன பேசுவார்கள், அரை மணி கழித்து என்ன பேசுவார்கள் என்று சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டிருந்தான். அதோடு விட்டிருக்கலாம். புதிதாக மாற்றியாகிவிட்டது என்று கம்பெனி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாற்பது பிரேக்குகளும் பழையவையேதான் என்று ஒரு நாள் எழுதிவிட்டான். ஊர் முழுக்கப் படித்தது. எழுதினவன் யார் என்று ஊருக்குத் தெரியவில்லை. பத்தே நாளில் கம்பெனிக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. தாமதமாக வருகிறான் என்று காரணம் சொல்லிச் சீட்டைக் கிழித்தார்கள். அதற்குப் பிறகு வேறெந்த லிப்ட் கம்பெனியும் அவனை வாசற்படி மிதிக்க விடவில்லை. அப்படித்தான் அவன் சாரம் ஏறினான்.

காட்டிக்கொடுத்தது யார்? அக்காவுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். தினமும் கடை திறப்பதற்கு முன்னால் துப்பறியும் ஆபீசுக்கு வந்து அதையேதான் கேட்டாள்.

"பேரு கிடைச்சுதா சார்?"

சர்வேயர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து, உண்மையை எழுதிக் கொடுத்ததால் வெளியேற்றப்பட்டவர். துப்பறிய வந்து பன்னிரண்டு வருஷமாகியும் பழைய பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"கிடைச்சா என்னக்கா பண்ணுவீங்க?" என்றாள் அவருடைய உதவியாளர். வாயாடி என்று அவளுக்குப் பட்டம் கட்டியவர் சர்வேயர். அவளும் அதை வஞ்சகமில்லாமல் காப்பாற்றி வந்தாள்.

"அடிக்க மாட்டேன். குத்த மாட்டேன். அவன் பண்ணதை ஊர் கேட்கச் சொல்வேன். எங்க போனாலும் இவன்தான் அவன்னு நாலு பேரு திரும்பிப் பார்க்கணும். என் தம்பி ஒரே ஒரு தடவைதான் விழுந்தான். அவன் தினம் தினம் விழணும்."

சாதாரணமாக, துணி எத்தனை நாளில் கிடைக்கும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். வாயாடிக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. மன்னித்துவிடுகிற கட்சிக்காரர்கள் யாருக்கும் அவள் இவ்வளவு மெனக்கெட்டது இல்லை.

சந்தேகத்துக்கு ஒரே ஓர் ஆள் இருந்தான். 'நடுமாடி'யின் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே, 'திருத்தம்' என்ற பெயரில் ஒருவன் வந்து பின்னூட்டம் போட்டுக்கொண்டிருந்தான். கம்பியின் கனம் எட்டு மில்லிமீட்டர் இல்லை, பத்து. அந்த மாடல் வந்தது அந்த வருஷம் இல்லை, மறு வருஷம். இப்படி மூன்று வருஷம் விடாமல் நச்சரித்திருக்கிறான். தம்பி ஒரு முறை பொறுமை இழந்து, "அண்ணே, உங்களுக்கு வீட்ல வேலையே இல்லையா?" என்று கேட்டு, படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த ஆளைக் கலாய்த்துத் தள்ளியிருந்தார்கள். தம்பிக்கு வேலை போன அன்று சாயங்காலமே 'திருத்தம்' தன் கணக்கை அழித்துவிட்டுக் காணாமல் போயிருந்தான்.

"அவன்தான். அவமானம் தாங்காம போட்டுக்கொடுத்துட்டான்" என்றாள் அக்கா.

வாயாடியும் அப்படித்தான் நினைத்தாள். தேடும் வேலை அவள் தலையில் விழுந்தது.

தனிமனிதர்கள் நடத்தும் வலைப்பூக்களை ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருக்கும் ஒரு திரட்டி இருந்தது. மொத்தம் அறுநூற்றுச் சொச்சம். ஒருவனின் பழக்கம் கணக்கை அழித்தால் அழியாது என்று சர்வேயர் சொல்லிவிட்டார். 'திருத்தம்' ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பான்: 'மற்றபடி நல்ல பதிவு.' நாலு நாளாக வாயாடி அந்த வாக்கியத்தைத் தேடி, முன்பின் தெரியாதவர்களின் மூளைக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

தன் வீட்டு மொட்டைமாடியில் ஒன்பது வருஷமாக மழை அளக்கும் பல் டாக்டர். நத்தை வளர்க்கும் பாங்க் காசாளர். நத்தைகளுக்கு மேலதிகாரிகளின் பட்டப்பெயர்கள். தான் தீய்த்த ரொட்டிகளைப் பற்றி மட்டுமே எழுதும் ஓய்வுபெற்ற நீதிபதி. ஒவ்வொரு ரொட்டிக்கும் குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு. எதிர் ஜன்னல் பூனை எந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்குகிறது என்று தினசரி குறித்து வைக்கும் ஒரு பெண். அவளைப் படிக்கும் பதினாலு பேர் பூனை மாறிப் படுத்தால் பதறிப் போகிறார்கள்.

"பாஸ், யாரும் கேக்காமலே இத்தனை பேர் இவ்வளவு எழுதறாங்களா?"

"கேட்டு எழுதறவங்கதான் தூங்க வைப்பாங்க."

"ரொட்டி ஜட்ஜ் நேத்து ஒரு ரொட்டிக்கு ஆயுள் தண்டனை குடுத்துட்டார். அப்பீல் பண்ணலாமான்னு பார்க்கறேன்."

"வேலையைப் பாரு."

நாலாம் நாள் மத்தியானம் கிடைத்தது. பல் டாக்டரின் மழைக்குக் கீழே 'வழிப்போக்கன்' என்று ஒருவன் எழுதியிருந்தான்: 'செவ்வாய்க்கிழமை பெய்தது 32 மில்லிமீட்டர் அல்ல, 29. உங்கள் குழாய் சாய்ந்திருப்பது படத்தில் தெரிகிறது. மற்றபடி நல்ல பதிவு.' பாட்டில் மூடி சேகரிப்பவரிடமும் அவன் வந்திருந்தான். நத்தைக்காரரிடமும் வந்திருந்தான். நீதிபதியிடமே ஈஸ்ட் விஷயத்தில் வாதாடியிருந்தான்.

"ஆள் கிடைச்சாச்சு. முகவரி?" என்றாள் வாயாடி.

"அவனையே வரச் சொல்லு."

"எப்படி பாஸ், வெத்தல பாக்கு வெச்சா?"

"தப்பு வெச்சு."

வாயாடி அரை மணி நேரத்தில் 'லிப்டும் நானும்' என்று ஒரு வலைப்பூ ஆரம்பித்தாள். பழைய லிப்டுகளைப் பற்றி ஒரே ஒரு பதிவு. அதில் சர்வேயர் சொல்லிக்கொடுத்தபடி ஏழு தப்புகளை அங்கங்கே ஒளித்து வைத்தாள். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. 'வழிப்போக்கன்' வந்துவிட்டான்.

"பாஸ், ஏழு தப்பு வெச்சோம். எட்டு கண்டுபிடிச்சிருக்கான்."

சர்வேயர் எழுந்து வந்து எட்டாவதைப் படித்தார். கொஞ்சம் முகம் சுருங்கியது. "அது நான் சரின்னு நினைச்சு சொன்னது" என்றார்.

அந்தப் பின்னூட்டத்தில் இருந்த பெயரை அழுத்தினால் அவனுடைய சொந்த வலைப்பூவுக்குப் போனது. அதன் பெயர் 'கசங்கியவை'. குப்பையில் கிடைத்த தாள்களைப் பிரித்து, படம் எடுத்து, வரிசை எண் போட்டு வைத்திருந்தான். யாரோ எழுதிப் பாதியில் நிறுத்திய ராஜினாமா, சீட்டாட்ட ஸ்கோர், ஒரு குழந்தை போட்ட ஆறு கால் மாடு. மேலே இரண்டு வரி விளக்கம். நன்றாகவே எழுதியிருந்தான். அது வாயாடிக்குப் பிடிக்கவில்லை. கெட்டவன் கெட்டவனாக எழுத வேண்டாமா?

படங்களில் தாள்களுக்கு அடியில் எப்போதும் ஒரே பச்சை மேஜை. ஓரத்தில் பாதி தெரிந்த ரப்பர் ஸ்டாம்பை சர்வேயர் பெரிதாக்கிப் பார்த்தார். தம்பி வேலை பார்த்த அதே லிப்ட் கம்பெனி. கீழே 'ஸ்டோர்ஸ்'.

"கூட வேலை பார்த்தவனா? இவன் தோலை உரிக்காம விடக்கூடாது பாஸ்."

"உரிக்கலாம். அதுக்கு முன்னாடி எண்ணைப் பார்த்தியா? இருநூத்திப் பதினொண்ணுக்கு அடுத்தது?"

"இருநூத்திப் பதிமூணு."

"அடுத்தவன் மழையில மூணு மில்லிமீட்டர் விட மாட்டேங்கறவன், தன் எண்ணுல ஒண்ணைத் தவற விடுவானா?"

லிப்ட் கம்பெனியின் ஸ்டோர்ஸ் கட்டடத்தின் பின்பக்கம், தரைக்குக் கீழே இருந்தது. கிரீஸ் வாசனை. கம்பி வலைக்குப் பின்னால் கூரை வரைக்கும் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் சின்ன அட்டை. வலையில் வெட்டிய ஜன்னலுக்குப் பின்னால் ஐம்பது வயது ஸ்டோர் கீப்பர், கழுத்தில் கண்ணாடி தொங்க உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரம். வேறு யாரும் இல்லை.

வாயாடி முகமன் எதுவும் சொல்லவில்லை. "நடுமாடி எழுதினவனோட அக்கா அனுப்பி வந்திருக்கோம், திருத்தம் சார்."

அவர் கையிலிருந்த டப்பா மூடி மேஜையில் விழுந்து சுழன்றது. அது ஓயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேரு நான்தான். ஆனா நான் காட்டிக்கொடுக்கலம்மா."

"பின்ன ஏன் அன்னிக்கே ஓடி ஒளிஞ்சீங்க? மூணு வருஷம் அவன் உயிரை எடுத்தீங்க. ஒரு தடவை அவன் திருப்பிக் கேட்டதும் நேரா போய் மாட்டிவிட்டீங்க. அவன் இப்ப இல்லை, தெரியுமில்ல? இனிமே யாரைத் திருத்துவீங்க?"

"வாயாடி" என்றார் சர்வேயர்.

"இருங்க பாஸ்."

ஸ்டோர் கீப்பர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். "திருத்தறது எனக்கு வியாதிம்மா. பிடிச்ச எழுத்தைத்தான் திருத்துவேன். பிடிக்காததைப் படிக்கவே மாட்டேன். அவன் யாருன்னு எனக்குத் தெரியாது. தினம் காலையில இந்த ஜன்னலுக்கு வந்து பார்ட்ஸ் வாங்கிட்டுப் போன பையன். ஒரு நாள்கூட நாங்க எழுத்தைப் பத்திப் பேசினதில்லை. வேலை போன அன்னிக்கு, டூல்ஸ் திருப்பிக் குடுக்க வந்தப்ப, இந்த லிஸ்ட்ல கம்பி கனம் தப்பா இருக்குன்னு நான் சொன்னேன். அவன் சிரிச்சுட்டு, 'மற்றபடி நல்ல லிஸ்டா அண்ணே?'ன்னு கேட்டான். அப்பத்தான் ரெண்டு பேருக்கும் புரிஞ்சது. அவ்வளவுதான் பேசினோம். அவன் போயிட்டான். அடுத்தது நான்தான்னு பயந்து கணக்கை அழிச்சேன்."

வாயாடிக்குத் திட்டுவதற்கு இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள்.

"இருநூத்திப் பன்னிரண்டு எங்கே?" என்றார் சர்வேயர்.

ஸ்டோர் கீப்பர் எழுந்தார். கடைசித் தட்டுக்குப் போய், ஒரு அட்டைக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். "மேனேஜர் ரூம் குப்பைக்கூடையில கிடைச்சது. அவனை நிறுத்தினதுக்கு ரெண்டு நாள் கழிச்சு. போட பயமா இருந்தது. தூக்கிப் போடவும் மனசு வரலை."

'நடுமாடி'யின் பிரேக் பதிவு, கம்ப்யூட்டரில் அச்செடுத்தது. தாளின் தலையில் நீல மையில், கையால் எழுதியது: 'தம்பி எழுதினது.' கீழே தேதி. 'தம்பி' என்ற வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் சிவப்பில் ஒரு எண்.

"அது அவனோட பணியாளர் எண். சிவப்புப் பேனா மேனேஜர் ஒருத்தர்தான் வெச்சிருக்கார்" என்றார் ஸ்டோர் கீப்பர். "மூலையில பென்சில்ல இருக்கற நாப்பத்தேழு என்னன்னு தெரியலை. எங்க கோப்பு எதுக்கும் அந்த எண் இல்லை."

சர்வேயர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில் குறுக்காக அழுத்தமான ஒரு மடிப்பு. மேல் முனை இரண்டும் உள்பக்கம் வளைந்திருந்தன. உச்சியில் குண்டூசித் துளைகள் இரண்டு. அவர் தாளை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அதைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் வாயாடி ஏழு கேள்வி கேட்டாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

லாண்டரியில் நீராவி முகத்தில் அடித்தது. அக்கா நீள மேஜைக்குப் பின்னால் நின்று கடகடவென்று வேலை செய்துகொண்டிருந்தாள். தேய்த்த சட்டையைக் குப்புறப் போட்டாள். மேஜைக்கு அடியில் கைவிட்டு, பார்க்காமலே ஒரு பழைய தாளை உருவினாள். சட்டை விறைப்பாக நிற்க அதை முதுகில் வைத்தாள். மேல் முனைகளைக் காலருக்குள் வளைத்துவிட்டு, கைகளை மடித்து, நடுவில் மடித்து, குண்டூசி இரண்டு குத்தினாள். தாளின் மூலையில் பென்சிலால் வாடிக்கையாளர் எண்ணைப் போட்டு அடுக்கில் வைத்தாள். பத்து விநாடி ஆகவில்லை.

வாயாடி குனிந்தாள். மேஜைக்கு அடியில் பார்த்தாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அடுக்கு. ஒன்று பழைய தேர்வுத்தாள், விளம்பரத்தாள். இன்னொன்றின் ஒவ்வொரு தாளிலும், தலையில் நீல மை.

சர்வேயரை வாசல் பக்கம் இழுத்தாள். "பாஸ், வேண்டாம். கிடைக்கலைன்னு சொல்லிடலாம்."

"சொல்லலாம். இன்னும் பத்து வருஷம் அந்தாள் சட்டையைத் தேய்ச்சுக்கிட்டு இருப்பாங்க. உனக்குச் சம்மதமா?"

வாயாடிக்குச் சம்மதமில்லை. 

சர்வேயர் தாளை மேஜையில் வைத்தார்.

"இது என் கையெழுத்து" என்றாள் அக்கா. "போன்ல எழுத்து பொடியா இருக்குன்னு அவன்தான் அச்செடுத்துக் குடுப்பான். நான் தேதி போட்டு வெச்சுப்பேன். இது எப்படி சார் உங்ககிட்ட?"

"கம்பெனி மேனேஜர் ரூம்ல இருந்தது."

அவள் மூலையைப் பார்த்தாள். மடிப்பைப் பார்த்தாள். விரலால் ஒரு குண்டூசித் துளையைத் தடவினாள். அப்புறம் மெதுவாகக் குனிந்து மேஜைக்கு அடியில் இருந்த இரண்டு அடுக்கையும் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"நாப்பத்தேழு" என்றாள். "வெள்ளைச் சட்டை ஆறு. வாரா வாரம் புதன்கிழமை. அவரு என்ன வேலைன்னு நான் கேட்டதில்லை, எனக்கு எண்தான் தெரியும். ஒரு நாள் அவரா கேட்டாரு, உங்க தம்பி என்ன பண்றாருன்னு. தம்பி இருக்கறது எப்படித் தெரியும்னுகூட நான் யோசிக்கலை. லிப்ட் மெக்கானிக், இன்ன கம்பெனின்னு சொன்னேன். பெருமையா சொன்னேன் சார்." நிறுத்தினாள். "அவன் செத்தப்ப துக்கம் விசாரிச்சாரு. அடுத்த புதன்கிழமையும் சட்டை போட்டாரு."

வாயாடி மேஜையைச் சுற்றிப் போய் அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, இது கை தவறினது. அந்தாள் பண்ணதுதான் கொலை."

"ரெண்டும் நடந்திருக்கும்மா." அக்கா தோளிலிருந்த கையை எடுத்துவிட்டாள். கோபமாக இல்லை. "கம்பெனி என்ன சொல்லிச்சு? லேட்டா வந்தான்னுதானே?"

"ஆமாம்" என்றார் சர்வேயர். "நடுமாடி அவன்தான்னு தெரிஞ்சே நிறுத்தினாங்கன்னு இந்தச் சிவப்பு மை சொல்லுது. ஆனா தாள் அந்தாள் கைக்கு எப்படிப் போச்சுன்னு யாராவது சொன்னாத்தான் இது நிக்கும். அது உங்க ஒருத்தரால மட்டும்தான் முடியும். உங்களுக்கு வேணுமான்னு யோசிச்சுக்கங்க."

"யோசிச்சாச்சு."

அவள் இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தம்பி ப்ளாக்கைத் திறம்மா, பாஸ்வேர்டு நான் சொல்றேன். நான் சொல்லச் சொல்ல எழுது. பேரு போடணும். அவன் பேரு, என் பேரு, கடை பேரு, எல்லாம்."

வாயாடி போனை எடுத்தாள். அப்போது கடை வாசலில் நிழல் விழுந்தது. நன்றாகச் சவரம் செய்த முகம், வெள்ளைச் சட்டை, நெஞ்சுப் பையில் சிவப்பு மூடிப் பேனா. அன்று புதன்கிழமை.

"என் சட்டை ரெடியாம்மா?" என்றான் நாற்பத்தேழு.

வாயாடிக்கு ரத்தம் கொதித்தது. கைக்கு எட்டும் தூரத்தில் சூடு ஆறாத இஸ்திரிப்பெட்டி வேறு இருந்தது. சர்வேயர் நகர்ந்து அதற்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"ரெடிதான் சார். ரெண்டு நிமிஷம் நில்லுங்க, இது உங்களுக்கும் வேண்டிய விஷயம்" என்றாள் அக்கா. பிறகு, வெளியே தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, வாயாடியிடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"என் தம்பியைக் காட்டிக்கொடுத்தது நான். எழுதிட்டியா? புள்ளி வை."

நாற்பத்தேழின் பார்வை மேஜை மேல் கிடந்த தாளுக்குப் போனது. சிவப்பு வட்டத்தைப் பார்த்தான். ஒரு அடி பின்வாங்கினான். ஸ்டோர்ஸில் திட்டாமல் விட்டதையெல்லாம் மிச்சம் வைத்திருந்த வாயாடி, ஒன்றையும் செலவழிக்காமல் போய்க் கடை வாசலை மறித்து நின்றாள்.

அக்கா கடைக் கணக்கு நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். இத்தனை வருஷம் எண் மட்டும் எழுதி வந்த நோட்டு.

"அடுத்த வரி உங்களைப் பத்தி. உங்க முழுப் பேரு சொல்லுங்க சார்."